கோடைமலை நகரும் கீழ்நாடும்

திண்டுக்கல் மலைக்கோட்டைமேல் நின்று மேற்றிசை நோக்குவார்க்குப் பழனிமலைத் தொடர் நீல மதில்போல் தோன்றும். நம் நகர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 அடி உயரத்தது. அத்தொடர்மேலுள்ள கோடைக்கானலோ 7,000 அடி உயரத்தது. செல்வர் மாளிகைகள் நிறைந்த அச்சிறு நகரை விடுமுறைதோறும் காணச் செல்லும் நம் குலத்து இளைஞர், அதன் சரித்திரம் வெள்ளையரோடு தொடங்கிற்றென்றே கருதுகின்றனர். அது பொருந்தாதென்பதை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

நகரின் பெயர்க்குக் கொடியடர்ந்த காடென்று பொருள் உரைப்பாரும், கோடைக்குரிய காடென்று உரைப்பாரும் உளர். அவ்வழக்கில் யாம் தலையிடுகின்றிலேம். கோடைமலைத் தலைவனாகிய கடியநெடுவேட்டுவனைப் பெருந்தலைச்சாத்தனார் பாடினமை புறநானூற்றால் விளங்கும்; அம்மலை இதுவேயென்பர் அறிஞர். தாண்டிக்குடிப் பக்கத்தில் பண்டையோர் அமைத்த கல்திட்டைகள் இன்றும் உள. காட்டில் பளியரும், பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர் முதலிய ஊர்களில் உழவரும், துரைமார் வருமுன்னரே வாழ்ந்தனர். பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயிலுக்குச் சென்றோர், சரிவெங்கும் படிப்படியாக வெட்டிய விளைநிலங்களைக் கண்டிருப்பர். அது ஒருநாளில் ஆகிய வேலையன்று.

1821-இல் வார்டு என்னும் ஆங்கிலேயர் இம்மலையை அளந்தார். கீழ்நாட்டு வெப்பத்தாலும் நோயாலும் வருந்திய அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் இரண்டு வீடுகள் கட்டினர். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863-இல் நீரோடையை மறித்து ஏரி அமைத்தார். இவையெல்லாம் யாவரும் அறிந்தனவே.

அவ்வீடுகட்குரிய பொருள்கள் மலையேறிய விதத்தையோ எவரும் வினவுவதில்லை. 1875-இல் இருப்புப்பாதை அம்மையநாயக்கனூரை அடைந்தது. அந்நிலையமே பின்னர்க் கோடைக்கானல் ரோடு எனப் பெயர் பெற்றது. ஆங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அதற்குமேல் குதிரை, அல்லது கூலியாட்கள் தோளிற் சுமந்த நாற்காலி. துரைசானிகளையும் குழந்தைகளையும் அரிசி மூட்டைகளையும் சுமந்தேறியவர் நம் நாட்டு ஏழைமக்களே. 1914-க்குப் பின்னரே வத்தலக்குண்டு வழியாக மோட்டார் வண்டிகள் ஏறலாயின. அப்பாதைக்கு லா துரையின் பெயர் வழங்குகின்றது. சுமந்தவர் பெயர் எக்கல்லிலும் இல்லை.

1899-இல் நகரசபையும் வானாராய்ச்சி நிலையமும் ஏற்பட்டன. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்தலை எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது ஆங்கேதான்.

இப்பொழுது வண்டிப்பெருக்கம் பொறாமல், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகட்கு இ-பாஸ் வேண்டப்படுகின்றது. பூம்பாறைப் படிநிலங்களிலோ பழைய உழவு நின்றபாடில்லை. ஆங்கு விளையும் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது விலையாவது மலைமேலன்று, கீழ்நாட்டு வடுகபட்டிச் சந்தையில்.