வரிசை வீடுகளும் பிகர்சின் தூரிகையும்

ஒரு நகரின் வரலாற்றை அதன் மாளிகைகளைக் கொண்டு எழுதுவதே பெருவழக்கு. அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஹூஸ்டன் நகரின் வரலாற்றை எளிய மரவீடுகளைக் கொண்டு தீட்டிக் காட்டியவர் ஓவியர் ஜான் பிகர்ஸ் (1924–2001). வட கரோலினாவில் பிறந்த அவர், 1949இல் ஹூஸ்டனுக்கு வந்தார். பின்னர் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்ற, கறுப்பின மாணவர்க்குரிய கல்வி நிலையத்தில் ஓவியத் துறையை நிறுவி, 1983 வரை பயிற்றுவித்தார்.

அவர் தீட்டியவை 'ஷாட்கன்' வீடுகள் எனப்படுவன. அவற்றில் இடைகழி இல்லை. அறைக்குப் பின் அறையாக ஒரே நேர்கோட்டில் அமைந்தவை. முன்வாசலில் நின்று சுட்டால் குண்டு பின்வாசல் வழியே வெளியேறிவிடும் என்பதால் இப்பெயர் வந்தது என்பர். அடிமைத்தளை நீங்கிய மக்களின் வழியினர் பலர் தென்னக நகரங்களில் இத்தகைய வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். பிறர் அவற்றைச் சேரி என்று ஒதுக்கினர். ஆயின், இவ்வீட்டமைப்பு மேற்கு ஆப்பிரிக்காவில் வேர்கொண்டு, ஹெய்ட்டி வழியாக நியூ ஆர்லியன்சை அடைந்தது என 1970களில் நாட்டுப்புறவியல் அறிஞர் ஜான் விளாக் எடுத்துரைத்தார். வறுமையின் அடையாளம் எனப்பட்டது மரபின் எச்சம் என அறியப்பட்டது.

1957இல் மேற்கு ஆப்பிரிக்கா சென்று வந்த பிகர்ஸ், அவ்வாய்வுக்கு முன்னரே இவ்வீடுகளை மதிப்புடன் நோக்கியவர். 1966இல் அவர் தீட்டிய 'ஷாட்கன், மூன்றாம் வட்டம்' என்னும் ஓவியத்தில், எரிந்துபோன தேவாலயத்தின் முன் மக்கள் திரண்டு நிற்கின்றனர். முதியவர் ஒருவர் கையில் சுடர் ஏந்தியுள்ளார். சிறுவர்கள் தெருவில் விளையாடுகின்றனர். இருமருங்கும் வரிசை வீடுகள் சான்றாய் நிற்கின்றன. 1987இல் தீட்டிய 'ஷாட்கன்கள்' ஓவியத்திலோ, திண்ணைதோறும் பெண்கள் நிமிர்ந்து நிற்கின்றனர். அவர்தம் கைகளில் சிறுவீடுகள். கூரை முக்கோணங்கள் அடுக்கடுக்காய் எழுந்து, பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வையின் கோலம் கொள்கின்றன. வீட்டைத் தாங்குபவள் பெண் என்பதே இதன் உள்ளுறை.

விடுதலை பெற்றோர் உருவாக்கிய ஹூஸ்டன் நான்காம் வட்டக் குடியிருப்பு, 1985இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. எனினும், அங்கிருந்த பழைய வீடுகளிற் பெரும்பாலானவை பின்னர் இடிக்கப்பட்டன. மூன்றாம் வட்டத்திலோ நேர்மாறானது நிகழ்ந்தது. பாழடைந்து கிடந்த 22 வரிசை வீடுகளை 1993இல் ரிக் லோ முதலிய ஏழு கறுப்பினக் கலைஞர்கள் மீட்க முனைந்தனர். அவர்களுக்கு ஊக்கம் தந்தவற்றுள் பிகர்சின் ஓவியங்கள் தலையாயவை. செப்பனிடப்பட்ட வீடுகளிற் சில கலைக்கூடங்களாயின. சில, கல்வி பயிலும் இளந்தாயர்க்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் உறைவிடமாயின.

ஓவியம் மட்டுமே அவ்வீடுகளைக் காத்தது என்பது மிகை. பலருடைய உழைப்பும் பொருளும் அதற்கு வேண்டியிருந்தன. ஆயினும், இடிக்கத்தக்கவை என எண்ணப்பட்டவற்றைக் காக்கத்தக்கவை எனக் காணும் கண்ணை அவ்வோவியங்களே தந்தன. பதிவேட்டால் இயலாததை ஒரு தூரிகை தொடங்கி வைத்தது. சொல்லைக் கருவியாகக் கொண்ட கவிஞர்க்கும் இது பொருந்தும்.