சிறு தொழிலகங்களும் அரசின் ஆராய்ச்சிப் பணமும்
அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்து வளர்ந்த வரலாறு

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் முன்னோர் மொழி. அத்துரும்பைத் தேடி எடுத்து, அதற்கெனச் சட்டத்தாலே ஒரு பங்கை ஒதுக்கி வைத்தது அமெரிக்க ஐக்கிய நாடு. அந்நாட்டில் 1982ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சிறுதொழில் புத்தாக்க வளர்ச்சிச் சட்டம், அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பகுதி சிறு நிறுவனங்களுக்கே சேர வேண்டும் என்று விதித்தது. நீர்மூழ்கிக் கப்பலின் செவி கூர்மையானதும், ஆலைப் புகையோடு வீணாகிய பொருள் மீட்கப்பட்டதும் இவ்வொரு சட்டத்தின் துணையால் என்றால் வியப்பாகத் தோன்றும். அச்சட்டம் தோன்றிய காரணத்தையும், அதன் பயனையும், குறையையும் ஈண்டு ஆராய்வோம்.

போரில் பிறந்த கவலை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு அளித்த முதன்மை ஒப்பந்தங்களின் மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 100 பெருநிறுவனங்களுக்கே போய்ச் சேர்ந்தது. சிறு பட்டறைகள் மூலப்பொருளும் வேலையுமின்றித் தவித்தன. இதனைப் போக்க 1942இல் சிறு போர்த்தொழிற்சாலைக் கழகம் நிறுவப்பட்டது. போர் ஓய்ந்ததும் அது கலைக்கப்பட்டது. கொரியப் போர் மூண்டபோது, 1951இல் அதே நோக்குடன் மற்றோர் அமைப்பு எழுந்தது. 1953இல் சிறுதொழில் நிருவாகம் அமைந்தது.

ஆயினும் இவையெல்லாம் பெரிதும் உற்பத்தியைப் பற்றியவை. ஆராய்ச்சியைப் பற்றியவை அல்ல. போருக்குப் பின் அரசு அறிவியலுக்குக் கொட்டிய செல்வம் பல்கலைக்கழகங்களுக்கும், அரசாங்க ஆய்வுக்கூடங்களுக்கும், பெருநிறுவனங்களுக்குமே பாய்ந்தது. பத்துப் பேர் கொண்ட தொழிலகத்தில் நல்லதொரு கருத்து உதித்தால் அதனைச் சோதித்துப் பார்க்கப் பணம் தருவார் இலர். வங்கியோ ஈடு கேட்கும். கருத்தை ஈடாக வைத்தல் இயலாது. முதலீட்டாளரோ சான்று கேட்பர். சான்று காட்டுவதற்கே பணம் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையில் வாடி மறைந்த கருத்துகள் பல.

திபெட்ஸ் வகுத்த வழி

இதற்கு வழி கண்டவர் தேசிய அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ரோலண்ட் திபெட்ஸ் என்பவர். சிறு நிறுவனங்களுக்கும் ஆய்வுப் பணம் சேர வேண்டுமென மேலவை உறுப்பினர் எட்வர்ட் கென்னடி வற்புறுத்தி வந்த காலம் அது. 1977இல் திபெட்ஸ் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அதில் மூன்று படிகள். முதற்படியில் சிறு தொகை. அதைக்கொண்டு சில திங்களுக்குள் கருத்து நடைமுறைக்கு ஒத்துவருமா என்று காட்ட வேண்டும். அதில் தேறியவர்க்கே இரண்டாம் படியில் பெருந்தொகை. அதைக்கொண்டு மாதிரிக் கருவியை உருவாக்க வேண்டும். மூன்றாம் படியில் இத்திட்டத்தின் பணம் இல்லை. சந்தையோ வாங்கும் அரசுத் துறையோ அதனை ஏற்க வேண்டும். அரசுக்குத் தோல்வி மலிவாகவே முடியும் என்பதுதான் இம்முறையின் சிறப்பு.

இதனை எல்லாத் துறைகளுக்கும் விரிக்க வேண்டும் என்ற குரல் 1980இல் வெள்ளை மாளிகை கூட்டிய சிறுதொழில் மாநாட்டிலும் ஒலித்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வாரன் ரட்மன் மேலவையில் சட்டத்திற்கு முன்னின்றார். பல்கலைக்கழகங்கள் எதிர்த்தன, தம் ஆராய்ச்சிக்குரிய பணத்தின்மீது விதிக்கும் வரி இது என்று வாதிட்டன. எனினும் சட்டம் நிறைவேறியது. 1982 சூலை 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரீகன் அதில் கையொப்பமிட்டார்.

ஆண்டுதோறும் 10 கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் வெளியாரைக் கொண்டு ஆராய்ச்சி செய்விக்கும் ஒவ்வொரு துறையும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். அதனைப் பெறும் நிறுவனத்தில் 500 பேருக்கு மேல் பணியாற்றலாகாது. 0.2 விழுக்காட்டில் தொடங்கிய அப்பங்கு 1.25 ஆகி, 1997இல் 2.5 ஆகி, 2017இல் 3.2 விழுக்காட்டை எட்டியது.

கடலடியும் ஆலைப் புகையும்

பாதுகாப்புத் துறையில் கண்ட பயனுக்கு நீர்மூழ்கிகளே சான்று. சோவியத் நீர்மூழ்கிகள் ஓசை குறைந்து இயங்கத் தொடங்கிய பின், அமெரிக்கக் கடற்படையின் ஒலியுணர் கருவிகள் பின்தங்கின. அவற்றின் கணிப்பொறிகள் தனியே வடிவமைக்கப்பட்டவை, விலை மிகுந்தவை, மாற்றுவதற்கு அரியவை. வர்ஜீனியாவில் இருந்த டிஜிட்டல் சிஸ்டம் ரிசோர்சஸ் என்னும் சிறு நிறுவனம், கடைச்சரக்காகக் கிடைக்கும் கணிப்பொறிப் பாகங்களைக் கொண்டே அவ்வேலையை முடிக்கலாம் என்று இத்திட்டத்தின் பணத்தால் காட்டியது. 1990களின் பிற்பகுதியிலிருந்து அம்முறை கப்பல்களில் இடம்பெற்றது. புதிய பாகம் வந்தால் பழையதைக் கழற்றி மாற்றுவது எளிதாயிற்று. 2003இல் அந்நிறுவனத்தை ஜெனரல் டைனமிக்ஸ் என்னும் பெருநிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆற்று மீனைக் கடல் மீன் விழுங்கிய கதைதான். ஆனால் கருத்து பிழைத்தது.

சுற்றுப்புறக் காப்பில் மற்றொரு சான்று உண்டு. கலிபோர்னியாவில் 1982இல் தொடங்கப்பெற்ற மெம்பிரேன் டெக்னாலஜி அண்ட் ரிசர்ச் என்னும் நிறுவனம் மெல்லிய சவ்வுகளை ஆராய்ந்தது. ஆலைக் காற்றில் கலந்துள்ள கரிம ஆவி இச்சவ்வினுள் விரைந்து புகும். நைட்ரஜனோ பெரும்பாலும் பின்தங்கும். புகுந்த ஆவியை அழுத்திக் குளிர்வித்தால் நீர்மமாகத் திரும்பக் கிடைக்கும். பிளாஸ்டிக் ஆலைகள் முன்பு எரித்துக் காற்றில் விட்டதை மீட்டுப் பயன்படுத்த வழி பிறந்தது. சுற்றுப்புறப் பாதுகாப்பு நிருவாகமும் எரிசக்தித் துறையும் சிறுதொழிலுக்கு ஒதுக்கிய பணம் இதற்குத் துணை செய்தது. மாசு தடுக்கப்பட்டது, பொருளும் மிஞ்சியது.

ஆராய்ந்தோர் தீர்ப்பு

இத்திட்டம் உண்மையில் பயன் தந்ததா? 1999இல் ஜோஷ் லெர்னர் என்னும் பொருளியலார் வெளியிட்ட ஆய்வு, உதவி பெற்ற நிறுவனங்கள் பிறவற்றைவிட விரைந்து வளர்ந்தன என்று காட்டியது. ஆனால் முதலீட்டாளர் நிறைந்த பகுதிகளில்தான் அவ்வளர்ச்சி தோன்றியது. மேன்மேலும் பல உதவிகள் பெற்றதனால் பயன் கூடியதாகவும் தெரியவில்லை. 2017இல் சப்ரினா ஹவெல் எரிசக்தித் துறையின் உதவிகளை ஆராய்ந்தார். மயிரிழையில் தேறியவரையும் மயிரிழையில் தவறியவரையும் அவர் ஒப்பிட்டார். முதற்படி உதவி பெற்றவர்க்குத் தனியார் முதலீடு கிட்டும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காயிற்று. இரண்டாம் படியின் பெருந்தொகைக்கு அத்தகைய ஆற்றல் காணப்படவில்லை. திபெட்ஸ் கருதியது போலவே, முதலில் சோதித்துப் பார்க்கக் கொடுத்த சிறு தொகையே பெரும்பயன் விளைத்தது.

குறைகளும் உள. பொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லாமல், உதவித் தொகையை மட்டுமே ஆண்டுதோறும் வென்று வாழும் நிறுவனங்கள் சில தோன்றின. அவற்றிற்கு வரம்பு விதிப்பதா என்பதே சட்டத்தைப் புதுப்பிக்கையில் எழுந்த பூசல்களுள் தலையாயது. 2022இல் மூன்றாண்டு நீட்டிக்கப்பட்ட அனுமதி, 2025 செப்டம்பர் 30ஆம் நாள் புதுப்பிக்கப்பெறாமலே முடிவுற்றது.

இதனினும் ஆழ்ந்த குறை ஒன்று உண்டு. பங்கு என்பது ஒவ்வொரு துறையின் ஆராய்ச்சிப் பணத்திலும் இத்தனை விழுக்காடு என்று அமைந்தமையால், பெருந்துறை பெரும்பங்கு ஒதுக்கிற்று; சிறுதுறை சிறுபங்கே ஒதுக்கிற்று. திட்டத்தின் பணத்தில் ஏறத்தாழப் பாதி பாதுகாப்புத் துறையினுடையது. சுற்றுப்புறத் துறையின் பங்கு மிகச் சிறிது. சட்டம் சிறியவர்க்குக் கதவைத் திறந்தது. ஆனால் எந்தத் திசையில் நடப்பது என்பதை நாட்டின் வரவு செலவுத் திட்டமே முடிவு செய்தது.

ஜப்பான் 1999இலும், இந்தியா 2005இல் உயிரித் தொழில்நுட்பத் துறையிலும் இம்முறையைத் தழுவின. பிற நாட்டார் முறையை எடுத்தாள்வோர் விழுக்காட்டை மட்டும் எண்ணுதல் போதாது. எப்பொருளுக்குப் பணம், யாருக்கு அதன் நன்மை என்பதையும் எண்ண வேண்டும். சிறு துரும்புக்கு இடம் அளித்தல் அரசின் அறிவுடைமை. அதனைக் கொண்டு எதைச் செய்விப்பது என்பது மக்களின் பொறுப்பு.