நாட்பட்ட சப்டியூரல் ரத்தக்கசிவு

மூளையின் மேலுறையான டியூராவுக்கும் அதன் அடியிலுள்ள அரக்னாய்டு உறைக்கும் இடையே வாரக்கணக்கில் மெல்ல ரத்தம் சேரும் நிலை. மண்டையோட்டுக்குள் ஏற்படும் மற்றக் கசிவுகள் இப்படிக் காத்திருப்பதில்லை. டியூராவுக்கு வெளியே தமனி கிழிந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. அரக்னாய்டுக்கு அடியில் ரத்தக்குழாய்ப் புடைப்பு வெடித்தால் தாங்க முடியாத தலைவலி உடனே வரும்.

டியூராவின் அடியில் ரத்தம் தேங்கியதைச் சொல்லும் புகழ்பெற்ற பழைய பதிவு பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றியுடையது. 1559 ஜூன் 30 அன்று பாரிஸில் நடந்த ஈட்டிப் போட்டியில் ஈட்டிச் சிம்பு கண்ணருகே பாய்ந்தது. ஜூலை 10 அன்று அவர் இறந்தார். பிணப் பரிசோதனையில் அடிபட்ட பக்கத்துக்கு எதிரே, பின்மண்டையில், உறைகளுக்கிடையே ரத்தம் தேங்கியிருந்ததை அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே எழுதிவைத்தார்.

நாட்பட்ட வகையைப் புரிந்துகொள்ள இன்னும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1857இல் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ஹோ, டியூராவில் ஏற்படும் அழற்சியே மூலம், அதனால் உண்டாகும் புதுச் சவ்விலிருந்து ரத்தம் கசிகிறது என்றார். அவருடைய செல்வாக்கில் இக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது. 1914இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்ஃப்ரெட் டிராட்டர் இதை மறுத்தார்: தலையில் பட்ட அடியால் மூளையிலிருந்து டியூராவுக்குச் செல்லும் சிரைகள் அறுவதே தொடக்கம், அடி மிகச் சிறியதாகவும் இருக்கலாம்.

முதுமையில் மூளை சுருங்கும்போது இந்தச் சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. வாசல் நிலையில் தலை இடித்தாலே போதும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். சில வாரங்கள் கழித்து நடை தள்ளாடும், பேச்சு குழறும், பெயர்கள் மறக்கும். இடித்துக்கொண்டது யாருக்கும் நினைவிருக்காது. ‘வயசாயிடுச்சு’ என்று வீட்டார் விட்டுவிடுவதுதான் இந்நோயில் நேரும் பெரிய அநியாயம், ஏனெனில் உரிய நேரத்தில் ரத்தத்தை வெளியேற்றினால் பலர் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள்.

1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சிடி ஸ்கேன் கண்டறிதலை எளிதாக்கியது. ரத்தத்தை வெளியேற்ற மண்டையோட்டில் துளையிட்டதும் எஞ்சின் ஆயில் போன்ற கருந்திரவம் பீறிடும். அறுவைக்குப் பின் வடிகுழாய் வைத்தால் கசிவு மறுபடி வருவது 24 சதவீதத்திலிருந்து 9.3 சதவீதமாகக் குறைவதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வு 2009இல் காட்டியது.

தொடக்கம் அடிதான் என்றாலும், கசிவை நீடிக்கச் செய்வது அழற்சியும் சவ்வில் முளைக்கும் நொய்ந்த ரத்தக்குழாய்களும் என்பது இன்றைய புரிதல். விர்ஹோ முற்றிலும் தவறிவிடவில்லை. அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன் பலன் தரும் என்ற நம்பிக்கை மட்டும் பொய்த்தது: 2020இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் மறு அறுவைகள் குறைந்தாலும், நோயாளிகள் தேறியது குறைவே. சவ்வுக்கு ரத்தம் தரும் நடு மூளையுறைத் தமனியை அடைக்கும் முறையோ கைகொடுத்தது. 2024இல் வெளியான எம்போலைஸ் ஆய்வில், அறுவையுடன் இதையும் செய்தவர்களில் 4.1 சதவீதத்தினருக்கே 90 நாள்களுக்குள் மறு அறுவை தேவைப்பட்டது; அறுவை மட்டும் பெற்றவர்களில் அது 11.3 சதவீதம்.