இருமினால் கசியும் சிறுநீரும் ஒரு சோதனையின் வரலாறும்

சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் முயற்சி பழையது. இத்தாலியில் மொஸ்ஸோவும் பெல்லக்கானியும் 1882-இல் பெண்களிடம் அதை அளந்து வெளியிட்டனர். 1927-இல் அமெரிக்க மருத்துவர் ரோஸ் இந்த அழுத்தத்தை அளக்கும் சிஸ்டோமீட்டர் கருவியை அறிமுகப்படுத்தினார். இத்தகைய சோதனைக்கு இன்று வழங்கும் ‘யூரோடைனமிக்ஸ்’ என்ற பெயர் 1954-இல் டேவிஸ் வைத்தது.

சோதனை சுகமானதல்ல. சிறுநீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய குழாய், வயிற்றழுத்தம் அறிய மலக்குடலிலோ யோனியிலோ இன்னொன்று. நீரை நிரப்பி, இருமச் சொல்லி அளப்பார்கள். கருவி, நேரம், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் செலவு; கூச்சமும் சிறுநீர்த் தொற்று அபாயமும் நோயாளியின் பங்கு. ஆனாலும் இருமும்போது சிறுநீர் கசிவதற்கு அறுவை செய்யுமுன் இதைச் செய்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பயன் உண்டா என்று முறையாகச் சோதிக்கத்தான் வெகுகாலம் பிடித்தது.

அமெரிக்காவின் ‘வேல்யூ’ ஆய்வு 2012-இல் வெளியானது. இருமும்போது கசிவது கண்ணெதிரே உறுதியான, வேறு சிக்கல் இல்லாத 630 பெண்கள் அதில் இருந்தனர். பாதிப்பேருக்கு மருத்துவர் அறையில் செய்யும் எளிய பரிசோதனை மட்டும். மற்றவர்களுக்கு யூரோடைனமிக் சோதனையும் சேர்த்து. ஓராண்டு கழித்து சோதனை செய்துகொண்டவர்களில் 76.9 சதவீதத்தினருக்கும், செய்யாதவர்களில் 77.2 சதவீதத்தினருக்கும் சிகிச்சை பலித்திருந்தது. சோதனை சிலரது நோயறிதல் முடிவை மாற்றியது. சிகிச்சைத் தேர்வைப் பெரிதாக மாற்றவில்லை. முன்பே அறுவை செய்துகொண்டவர்கள், சிறுநீர் முழுதும் கழியாதவர்கள் போன்ற சிக்கலான நோயாளிகளுக்கு இந்த முடிவு பொருந்தாது.