முதுகின் நிறம் கூறும் சரித்திரம்



சரித்திரம் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. உயிருள்ள பறவையொன்றின் இறகும் சரித்திரச் சான்றாகலாம் என்பதையே இன்று கூற முற்படுகின்றேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உன்னிச்சைக் குளத்தை அண்டிய ஊர்களில், மரங்கொத்தி அடிமரத்தைப் பற்றி மேலேறுவதைப் பலர் கண்டிருப்பர். அதன் முதுகு குருதிச் சிவப்பு. யாழ்ப்பாணத்துப் பனந்தோப்புகளிலும் அதனையொத்த மரங்கொத்தி உண்டு. அதன் முதுகோ பொன்மஞ்சள். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வடமத்திய நிலப்பகுதியில் இரண்டும் கலந்து வாழ்கின்றன. அங்கே செம்மஞ்சள் முதுகுடைய கலப்புப் பறவைகளையும் காணலாம்.

பொன்முதுகுப் பறவை இந்தியாவெங்கும் பரந்து வாழ்வது. செம்முதுகுப் பறவையோ இலங்கையன்றி வேறெங்கும் இல்லாதது. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடல்மட்டம் இன்றுள்ளதிலும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த பாக்குநீரிணை அக்காலத்தில் வெறும் தரையாகவே கிடந்தது. இவ்வாறு நிலம் பலமுறை இணைந்தும் பிரிந்தும் வந்துள்ளது. முன்னர் வந்த பறவை தீவிலே தனித்திருந்து சிவந்தது. பின்னர் வந்தது வடக்கே பொன்னிறத்துடன் தங்கியது எனக் கொள்வது பொருந்தும்.

மஞ்சள் சிவப்பாவது எங்ஙனம்? பறவைகள் கரோட்டினொயிட்டு என்னும் மஞ்சள் நிறப்பொருளை உணவிலிருந்து பெறுகின்றன. அதனைச் சிவப்பாக்கும் நொதியத்திற்குரிய பரம்பரையலகு 2016 ஆம் ஆண்டில் கனேரிப் பறவைகளில் இனங்காணப்பட்டது. இரு நிறங்களுக்கும் இடையிலுள்ள தூரம், கண்ணுக்குத் தோன்றுமளவு பெரிதன்று.

பறவைகள் இவ்வாறிருக்க, அவற்றுக்கு மனிதர் இட்ட பெயர்களோ மாறிக்கொண்டே வந்தன. பொன்முதுகுப் பறவைக்கு 1758 இல் லின்னேயசும், செம்முதுகுப் பறவைக்கு 1793 இல் லிச்சென்ஸ்டைனும் அறிவியற் பெயர் சூட்டினர். யாழ்ப்பாணத்துப் பறவையை 1944 இல் விஸ்லர் தனிக் கிளையினமாகப் பிரித்தார். 1955 இல் வெளிவந்த ஹென்றியின் பறவை நூலோ வடக்கத்தியதையும் தெற்கத்தியதையும் ஓரினத்தின் இரு வகைகளென்றே கொண்டது. கலந்து வாழ்வன ஓரினமே என்பது அக்காலத்தவர் கருத்து. சமிந்த பெர்னாண்டோ, டரன் இர்வின், சம்பத் செனெவிரத்ன ஆகியோர் 2016 இல் வெளியிட்ட ஆய்வு, நிறத்தையும் பரம்பரையலகுகளையும் ஒப்புநோக்கி, கலப்பு இருப்பினும் இவை இரண்டு இனங்களே என்பதை வலியுறுத்திற்று.

இதிலிருந்து நாம் அறிவது யாது? எல்லை என்பது மதிலன்று. இரு கூட்டத்தார் சந்திக்கும் இடத்தில் கலப்பு நிகழ்கின்றது. ஆயினும் ஒவ்வொன்றும் தன் தனித்தன்மையை இழந்துவிடுவதில்லை.

அவ்வெல்லை தெற்கே நகர்கின்றதா, நின்ற இடத்திலேயே நிற்கின்றதா என்பதை உணர்த்தக்கூடியது இடமும் நாளும் குறித்த எழுத்தேயாகும். லெக் என்னும் படையதிகாரி 1868 முதல் 1877 வரை இந்நாட்டிற் பணியாற்றியபோது எடுத்த குறிப்புகள், 1878 தொடங்கி 1880 வரை பெருநூலாய் வெளிவந்தமையாலன்றோ அக்காலத்துப் பறவைகளைப்பற்றி நாம் இன்று பேச முடிகின்றது! ஆண்டுதோறும் ஒரே மரத்தடியிலிருந்து பறவையின் முதுகு நிறத்தைக் குறித்துவைக்க ஒரு பள்ளிக் கொப்பியும் பொறுமையும் போதும். உன்னிச்சையின் பிள்ளைகள் இன்று அதனைத் தொடங்குவாராயின், நூறாண்டு கழித்து வருவோர்க்கு அதுவே சரித்திரமாகும்.