கெஸ்தியோன் என்றால் வெறும் கேள்வியா?

1960களில் எங்கள் பிரெஞ்சு வகுப்பில் தினமும் காதில் விழுந்த சொல் 'கெஸ்தியோன்'. கேள்வி என்று அர்த்தம். பாடம் முடிந்ததும் முசியே, "கெஸ்தியோன் ஏதாவது உண்டா?" என்பார். நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம்.

அதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்பது மேல்வகுப்பில் வொல்த்தேரைப் படித்தபோதுதான் தெரிந்தது. பழைய பிரெஞ்சுச் சட்டத்தில் ஒருவரைக் 'கெஸ்தியோனில் வைப்பது' என்றால் சித்திரவதை செய்வது. திருட்டுத்தனமாக அல்ல; நீதிமன்ற உத்தரவோடு, குமாஸ்தா பக்கத்தில் உட்கார்ந்து எழுத எழுத. 14ஆம் லூயி மன்னரின் 1670ஆம் வருடச் சட்டம் அதற்கு முறையே வகுத்திருந்தது. தீர்ப்புக்கு முன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது ஒரு வகை. மரண தண்டனை விதித்தபின் கூட்டாளிகளின் பெயரை வரவழைப்பது மற்றொன்று. அதிலும் 'சாதாரணம்', 'விசேஷம்' என்று இரண்டு படி. கால்களைப் பலகைகளுக்கு நடுவே இறுக்கி ஆப்பு அடிப்பார்கள். சாதாரணத்துக்கு 4 ஆப்பு, விசேஷத்துக்கு 8. சில ஊர்களில் ஆப்புக்குப் பதில் வாயில் தண்ணீரைக் கொட்டுவார்கள். ஆப்புக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

துலூஸ் நகரத்துத் துணி வியாபாரி ழான் கலாஸ், மகனைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்டவர். 1762 மார்ச் 10 அன்று இரண்டு படி வேதனையையும் அனுபவித்தார். 'நான் கொல்லவில்லை' என்ற சொல் மாறவில்லை. அன்றே எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். வொல்த்தேர் விடாமல் போராடியதால் 1765இல் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. போன உயிர் போனதுதான்.

16ஆம் லூயி 1780இல் முதல் வகையையும் 1788இல் இரண்டாவதையும் நீக்கினார். அடுத்த ஆண்டு புரட்சி வந்து மிச்சத்தையும் துடைத்தது. ஆனால் 1958இல் ஆன்றி அலெக் என்ற பத்திரிகையாளர், அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவத்திடம் தான் பட்ட பாட்டைப் புத்தகமாக எழுதியபோது வைத்த பெயர் 'லா கெஸ்தியோன்'. படித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அரசாங்கம் பிரதிகளைப் பறிமுதல் செய்தது.

இதற்குத் தமிழில் 'சித்திரவதை'தான் சரியான சொல் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். வேலைக்கு வந்தபின் ஒரு சின்ன விஷயம் நடந்தது. மனை சம்பந்தமான ஒரு மனுவில் இரண்டு விவரம் கேட்க வேண்டியிருந்தது. வழக்கமான படிவத்தில், 'விசாரணைக்கு ஆஜராகவும்' என்று ஒரு பெரியவருக்கு அனுப்பினேன். மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் பை, உள்ளே மாற்று வேட்டி, போர்வை, மருந்து. "ஐயா, எத்தனை நாள் வச்சிருப்பீங்க?" என்று கேட்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. கெஸ்தியோனுக்குத் தமிழ் 'விசாரணை'தான் என்று அந்தப் பெரியவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, என்னால் முடிந்த இடங்களில் அந்த வரியை அடித்துவிட்டு, 'சில விவரங்கள் தேவை. வந்துபோகவும்' என்று கையால் எழுதிவந்தேன். மேலதிகாரிகள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வந்தவர்கள் யாரும் அதன்பின் போர்வை கொண்டுவரவில்லை.