தாளில் எழுதப்பட்ட தளை

அரசின் வல்லமை என்றதும் சிறைக்கூடமும் துப்பாக்கியும் நினைவுக்கு வருதல் இயல்பு. ருஷ்ய நாட்டின் வரலாறோ அவற்றினும் அமைதியான ஒரு கருவியைக் காட்டுகின்றது. உள்நாட்டுக் கடவுச்சீட்டு என்பது அதன் பெயர்.

1649ஆம் ஆண்டுச் சட்டக்கோவை குடியானவனை நிலத்தோடு பிணைத்தது. பின்னர், மகா பீட்டரின் ஆட்சியில், ஊரைவிட்டுத் தொலைவு செல்பவன் அனுமதிச்சீட்டு வைத்திருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. 1861இல் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். எனினும் கிராமச் சமூகத்தின் இசைவின்றிக் குடியானவன் பிழைப்புத் தேடி வெளியூர் செல்லல் அரிதாகவே இருந்தது. 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் இக்கடவுச்சீட்டு முறை கொடுங்கோன்மையின் சின்னமென ஒழிக்கப்பட்டது.

பதினைந்து ஆண்டுகளே கழிந்தன. 1932 டிசெம்பர் 27ஆம் திகதி சோவியத் அரசு அம்முறையை மீண்டும் கொணர்ந்தது. பதினாறு வயது நிரம்பிய நகரவாசிகள் கடவுச்சீட்டுப் பெற்றனர். அவர்தம் வதிவிடம் அதிற் பதியப்பட்டது. கூட்டுப்பண்ணைக் குடியானவருள் மிகப் பெரும்பாலோருக்கு அது வழங்கப்படவில்லை.

அது பஞ்சகாலம். தானியம் அரசின் களஞ்சியங்களுக்குச் சென்றது. பசித்தவர்கள் ஊர்களை விட்டு வெளியேறினர். 1933 சனவரி 22இல் ஸ்டாலினும் மொலோத்தொவும் கையொப்பமிட்ட கட்டளையொன்று, உக்ரேனிலிருந்தும் கூபான் பகுதியிலிருந்தும் புறப்பட்ட குடியானவர்களை வழிமறித்துத் திருப்பியனுப்பப் பணித்தது. உண்ண உணவில்லாத ஊருக்கே அவர்கள் மீள நேர்ந்தது.

பஞ்சம் நீங்கிய பின்னரும் தளை நீங்கவில்லை. வெளியூரில் வேலை தேடுபவன் பண்ணைத் தலைவரிடமோ கிராம சோவியத்திடமோ சான்றிதழ் வேண்டி நின்றான். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில் இருந்தன. மொஸ்கோவின் அதிகாரம் ஒரு சிற்றூர்த் தலைவரின் மேசைமீது வந்து அமர்ந்த விதம் இதுவே. அத்தலைவரைப் பகைத்துக்கொள்ள எவன் துணிவான்? படைச்சேவை முடித்த இளைஞர் பலர் ஊர் திரும்பாது நகரிலேயே வேலை தேடிக்கொண்டமைக்குக் காரணமும் இங்கேயே உளது.

கிராமத்தவர் அனைவருக்கும் கடவுச்சீட்டு வழங்கும் முடிவு 1974இல் எடுக்கப்பட்டது. 1976இல் வழங்கத் தொடங்கினர். சோவியத் ஒன்றியம் மறைந்தபின், 1993ஆம் ஆண்டு அரசியலமைப்பு நாட்டுக்குள் நடமாடவும் வதியவும் உரிமை அளித்தது; வதிவிடப் பதிவு என்னும் கடமை மட்டும் எஞ்சியது.

மன்னர் ஆட்சி மாறிற்று, கொடி மாறிற்று, கொள்கையும் மாறிற்று. எனினும் தன் ஊரைவிட்டுச் செல்லப் பிறர் இசைவை வேண்டி நின்ற குடியானவனின் நிலை மாற நெடுங்காலம் சென்றது. ஓர் ஆட்சியின் இயல்பை அறிய அதன் முழக்கங்களைக் கேட்டல் போதாது. அதன் கீழ் வாழும் எளியவன் விரும்பிய திசையில் நடக்க இயலுமா என்பதையும் காணல் வேண்டும்.